எடை போட்ட இரவு

கொரடாச்சேரியில் மூடிக்கிடந்த அரிசி ஆலை.
மூன்று வருஷமாக உள்ளே அலுமினியம் அறுக்கிறோம்,
தவிட்டு வாசனை இன்னும் போகவில்லை.

இரவு பத்துக்கு மேல் மாசிலாமணி வந்தார்,
கொள்முதல் நிலையத்துத் தராசுகள் மூன்றை
லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு.
மூட்டைக்கு ஒரு கிலோ கூடப் பிடிப்பவர் என்று
தாலுகா முழுக்கப் பெயர் அவருக்கு.
"இங்க கிராமுக்குக்கூட கணக்கு வேணும்ணே" என்றதும்
படிக்கற்களை வைத்து வைத்து எடுத்து
அரைமணி நேரம் பூஜ்யத்தைத் திருத்தினார்.
"பழக்கமில்ல, அதான் நேரமாவுது" என்றார்.
நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

பெரிய கதவை அடைத்தோம். ஜன்னல்களில் சாக்கு.
காற்று புகுந்தால் தராசு உளறும்.
எட்டுப் பேராக விமானத்தைத் தூக்கி வைத்தோம்,
இடுப்பளவு தண்ணீரில் படகு ஏற்றுகிற மாதிரி
ஏலேலோ இல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

இடது சக்கரம் தொண்ணூற்றெட்டு, நானூறு கிராம்.
வலது தொண்ணூற்றேழு, நூறு.
வால் முப்பத்தொன்று, ஐநூறு.
நோட்டில் கூட்டியது நான். இரண்டு தடவை கூட்டினேன்.
இருநூற்று இருபத்தேழு.
வரைபடத்தின் மூலையில் நாங்களே எழுதியிருந்தது
இருநூற்றுப் பத்து.

பதினேழு கிலோ.
யூரியா மூட்டையில் பாதிகூட இல்லை.
வயலில் அது ஒன்றுமேயில்லை.
ஓடுபாதை முடிகிற இடத்தில்
அது ஒரு முழுத் தென்னை மரம்.

கொஞ்ச நேரம் டியூப்லைட் மட்டும் பேசியது.

டோமினிக்தான் முதலில்:
"அச்ச உள்ள குடையச் சொன்னீங்க. நான் குடையல.
எறங்கும்போது முறிஞ்சுட்டா?"
ஐந்து கிலோ என்று எழுதினேன்.
உத்திராபதி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.
மூட்டுக்கு மூட்டு ஒரு முக்குத் தகடு
யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறான், முப்பத்தாறு.
ஜபருல்லா இறக்கைத் துணிக்கு டோப்பு
நான்கு பூச்சுக்குப் பதில் ஆறு. ஞாயிற்றுக்கிழமைகளில், தனியாக.
இரண்டு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு என்பது விதி;
தையல்நாயகி அங்குலத்துக்கு ஒன்று போட்டிருந்தாள்.
"நூல் என்ன எடை இருந்துடப்போவுது?"
மிச்சமிருந்த கண்டைப் பார்த்து
மாசிலாமணி சொன்னார்: "நானூறு கிராம்."

அப்புறம் நான். இருக்கைக்கு அடியில்
இன்னொரு பிளைவுட். அதையும் எழுதிக்கொண்டேன்.

மீதி இரண்டரைக் கிலோவுக்கு
யாரும் வாய் திறக்கவில்லை.

ஓட்டப்போகிறவள் செங்கமலம்.
திருச்சியில் என்.சி.சி.யில் கிளைடர் பழகியவள்.
நெல் கொட்டுகிற மேடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.
யார் யார் அவளுக்காக எவ்வளவு பயந்தோம் என்பது
கிலோ கணக்கில் வெளியே வந்துவிட்டது.
"இவ்வளவையும் தூக்கிக்கிட்டு
நான் எங்க போறது?" என்றாள்.

உடனே சண்டை.
தகட்டை எடுத்தால் நான் வரமாட்டேன் என்றான் உத்திராபதி.
அச்சைக் கழற்ற இப்போதே ஸ்பேனர் தேடினார் டோமினிக்.
என்ஜின் வந்த கோயம்புத்தூர்ப் பெட்டிமேல்
ஜபருல்லா ஏறி நின்று கணக்குச் சொன்னார்.
டெல்லியிலிருந்து வராத அனுமதிக் கடிதம்கூட
நடுவில் ஒருமுறை வந்து திட்டு வாங்கிப்போனது.

அந்த நேரம் பார்த்து, டீக்கடைப் பையன்
இரண்டு கையிலும் தூக்குவாளி,
காலால் உதைத்தான் கதவை.

வெண்ணாற்றுக் காற்று.
அறுத்த தாளின் ஈர வாசனையோடு
மூக்கு வழியாக வந்து இறக்கைக்கு அடியில் போனது.

இடது தராசின் சிவப்பு எண்
தொண்ணூற்றைந்து என்றது.
தொண்ணூற்றொன்று.
வலதும் இறங்கியது. வால் லேசாக முனகியது.

கதவைச் சாத்தச் சொல்ல
யாருக்கும் தோன்றவில்லை.
மாசிலாமணி மட்டும் பதறிப்போய்
இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினார்,
"நான் தொடல, நான் தொடல" என்று.