எஞ்சினுக்கு ஒரு பங்கு

மாசி முழுக்க சோனங்குப்பத்துக் கரையில்
மணல் தெரியவில்லை.
தார்ப்பாய் தார்ப்பாயாகச் சென்னாக்கூனி,
ஈரம் வற்ற வற்ற
இளஞ்சிவப்பிலிருந்து துருவின் நிறத்துக்கு.

குழந்தைவேலின் லாரி
பின்பக்கமாகவே வந்து நிற்கும். நாமக்கல் வண்டி.
கோழித் தீவனத்துக்கு எவ்வளவென்றாலும் வேணுமாம்.
"இருக்கிறதையெல்லாம் அள்ளுங்கக்கா,
எடைபோட நானாச்சு."

அள்ளலாம்தான்.
மூத்தவளின் நர்சிங் கட்டணம்
இன்னும் இருபத்திரண்டாயிரம் பாக்கி.
அள்ளினோம்.
தராசு ஒருநாளும் போதும் என்றதில்லை.

பங்கு பிரிக்கையில் நோட்டு என் கையில்.
ஆளுக்கு ஒன்று. படகுக்கு ஒன்று. வலைக்கு ஒன்று.
எஞ்சினுக்கு ஒன்று,
அதற்கு வயிறே கிடையாது.
கங்கையம்மனுக்கு அரை.

ஒருநாள் ஓட்டல்காரருக்கு வஞ்சிரம் அறுத்தேன்.
நாலு கிலோ வரவேண்டிய நீளம், மூன்றுகூட இல்லை.
தலை மட்டும் பெரிது.
வயிற்றில் ஒரே ஒரு நெத்திலி.
எதற்கென்று தெரியாமல் அதையும் கீறினேன்.
கத்திமுனையில் இரண்டு கறுப்புப் புள்ளி:
கூனியின் கண்.
அவ்வளவுதான் அன்றைக்கு
அந்த இரண்டு பேரும் சாப்பிட்டது.

இந்த வாடைக்கு ஓங்கில் கூட்டம் வரவில்லை
என்கிறான் அஞ்சாப்புலி.
ஆலா சுழலும் இடம் பார்த்து வலை இறக்கியவன்
இப்போது போனைப் பார்த்து இறக்குகிறான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன்:
எஞ்சினுக்கு எழுதுற மாதிரி
கடலிலேயே ஒரு பங்கு விட்டு வந்தா என்ன?
சிரித்தார்கள்.
"யார் பேருல எழுதுவ? ஓங்கில் வந்து
கையெழுத்துப் போடுமா?"
சிரிப்பு அடங்கினபின் வலைக்காரர் சுப்புராயன் மட்டும்
எத்தனை கூடை என்று கேட்டார்.

எனக்கும் அதுதான் தெரியவில்லை.
கடலின் பசியை யார் அளந்தது?
இருபது என்றால் என் வீட்டில் உலை கொதிக்காது,
நூறு என்றால் இப்போதிருப்பதுதான்.

இழுத்துப் பிடித்து நாற்பது என்று வைத்தார்கள், படகுக்கு.
வெள்ளியும் செவ்வாயும் கூனிவலை கிடையாது.
நாற்பது சரியா என்று
வருகிற வாடைதான் சொல்லவேண்டும்,
சொன்னால்.

முதல்நாள் லாரி முக்கால் நிறைந்து போனது.
குழந்தைவேல் கதவை அறைந்த சத்தம்
உப்பனாற்றுக்கு அந்தப்பக்கம் கேட்டிருக்கும்.

நாற்பத்தொன்றாவது கூடையை
விடிவதற்கு முன்னே தண்ணீரில் கவிழ்த்தானாம் அஞ்சாப்புலி.
பாதி ஏற்கெனவே செத்திருந்ததாம்.
படகின் அடியிலிருந்து ஏதோ எழுந்து வந்து
செத்தது உயிருள்ளது பாராமல் தின்றுவிட்டுப் போனதாம்.

என்னது என்றேன்.
இருட்டு, தெரியல, என்றான்.
பெருசு.