முட்டபேடி

கடைசி மெட்ரோ யஷ்வந்த்பூரைத் தாண்டட்டும் என்று
பதினொன்றே முக்கால் வரை காத்திருப்பேன்.
தூண் அதிரும், தரை அதிரும், அப்புறம்
மேசையின் நான்கு காற்றுக் கால்களும்
உஸ்ஸென்று அடங்கும்.

முதல் ஆடியின் மேல் திருகைக் கால் சுற்று.
இரண்டாம் துளையில் நிற்க வேண்டிய லேசர்ப் பொட்டு
சுவரில், கங்கப்பாவின் நாட்காட்டியில்
போய் உட்காருகிறது.
அதைத் திருத்தினால் இது கெடும்.
ஆலன் கீயைப் பல்லில் கடித்தபடி
லென்ஸை மயிரிழை தள்ளுகிறேன்.
மயிரிழை ரொம்ப அதிகம்.

மேசை விளிம்பில் கங்கப்பா ஒட்டிய தாள்: முட்டபேடி.
தொடாதீர்கள் என்கிறது கன்னடம்.
என் காதில் அது
முட்டிக்கொள்ளாதே என்றுதான் விழுகிறது.
இரண்டு வருடமாக
முட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாலு மணிக்குத் திரையில் வரிகள் வந்தன.
சிவப்பு, கறுப்பு, சிவப்பு.
காயும் பாலின் ஏடு போல நெளிந்தன.
ஏசியை நிறுத்தினேன். கைபேசியை அணைத்தேன்.
செருப்பைக்கூடக் கழற்றினேன், எதற்கென்று தெரியாமல்.
மூச்சை அடக்கினேன்.
நெளிவு குறைந்தது.

அட, நானா?
என் உடம்புச் சூடா?

வெளியே வந்து கதவைச் சாத்தி
அதன் சின்னச் சதுரக் கண்ணாடி வழியே பார்த்தேன்.
ஒரு வரி அசையவில்லை.
ஆளில்லாத அறையில், யாருக்கும் பயப்படாமல்,
அத்தனை நேராக.

கேமரா தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
வெறுங்காலோடு வராந்தாவில் குந்தியிருந்தேன்.
முதல் மெட்ரோ வருகிறதென்று
காதுக்கு முன்பே
பாதத்துக்குத் தெரிந்தது.