காலண்டருக்குப் பின்னால்

குன்னூர், பெட்ஃபோர்டு இறக்கத்தில் வீடு.
போஜன் கூட்டிவந்த பதினோராவது பார்ட்டி,
திருப்பூரிலிருந்து, இரண்டு கார்.
"வியூ சூப்பர்" என்றார்கள்.
மேகம் மூடிக் கிடந்தது.
எந்த வியூ என்று நான் கேட்கவில்லை.
பாத்ரூம் போனார்கள், டீ குடித்தார்கள்,
கேரட் எங்கே மலிவு என்று விசாரித்தார்கள்.
"வீட்ல பேசிட்டுச் சொல்றோம்."
மொத்த வீடும் வாசலில்தான் நின்றிருந்தது.

வியாழக்கிழமை ஒருத்தி வந்தாள்,
பஸ்ஸில், நனைந்த குடையோடு.
ஒன்றையும் புகழவில்லை.
குழாயைத் திறந்துவிட்டு வாட்ச்சைப் பார்த்தாள்.
ஜன்னல் சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.
பிறகு வடக்குச் சுவரில்
நான் மாட்டியிருந்த காலண்டரைத் தூக்கி
ஓதம் பூத்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

"எவ்வளவு குறைப்பீங்க?"

டீ வேண்டுமா என்று கேட்க
எனக்கு வாய் எழவில்லை.