பதினேழாம் கேள்வி

ஸொங்குல்டாக். ஜன்னலோரம் ஹீட்டர் முனகுகிறது.
பிழையற்ற வாக்கியம் எது?

அ. நான் தூங்கும்போது அப்பா வந்தார்.
ஆ. நான் தூங்கும்போது அப்பா வந்தாராம்.
மற்ற இரண்டும் வெறும் உளறல்.

கண்ணால் கண்டதற்கு ஒரு விகுதி,
காதில் விழுந்ததற்கு வேறொன்று.
சாட்சி கேட்காமல்
துருக்கி மொழி எந்தச் சேதியையும் உள்ளே விடாது.
உறங்கியவள் எதைக் கண்டாள்?
ஆ-தான்.
பயிற்சிப் புத்தகத்தில் முப்பத்திரண்டாம் பக்கம்.

ஆனால் குலிசார்
நேற்று ராத்திரி தூங்கவேயில்லை.
இரண்டாம் ஷிப்ட் முடிந்து பூட்டில் சாவி திரும்பியது.
சுரங்கத்துக் குளியலறை சோப்பின் வாசனை
அவருக்கு முன்னால் வந்து நின்றது.
நழுவிய போர்வையை இழுத்துவிட்டார்.
ஒரு கொட்டாவி.
பிறகு யாரிடமோ, மெல்ல,
"நாளைக்குப் பரீட்சை" என்றார்.
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு
எல்லாவற்றையும் பார்த்தாள்.

தூங்குவதுபோல் கிடந்தவளுக்கு
எந்த விகுதி?
நான்கு வட்டத்திலும் அது இல்லை.

"இன்னும் பத்து நிமிடம்" என்கிறார் கண்காணிப்பாளர்.
மதிப்பெண் வேண்டுமே.
ஆ-வைக் கறுப்பாக்குகிறாள்,
கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம்.
விரல் நுனியில் பென்சில் கரி.
துடைக்காமல்
பதினெட்டாவதுக்குப் போகிறாள்.