இரண்டு திமில்

வரைந்தவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது.
ஒட்டகத்துக்கு இரண்டு திமில்.
நடுப்பள்ளத்தில் ராஜா:
வளையமாய்ச் சுருண்ட மீசை, தலைப்பாகையில் இறகு,
நெஞ்சில் ஒரு கை,
உட்கார்ந்த இடத்திலும் குனிந்தேதான் இருக்கிறார்.
பின்னால் பேரீச்சை என்று நினைத்துத்
தென்னை போட்டிருக்கிறான்,
இளநீர்க் குலையோடு.

ஜாசிமுக்கு அந்தத் தப்புதான் பிடித்ததாம்.
லண்டன் ஏலத்தில் எண்பது தினார்.
முஹர்ரக்கில் காபிக்கடை திறக்கிறான்.
வாசலைப் பார்த்த சுவரில் இவர்,
வருகிறவனுக்கெல்லாம் சலாம் வைக்க.

மனாமாவில் பதினேழு வருடமாய் நான் சட்டம் போடுகிறேன்.
ஆயத்துகள், கல்யாணங்கள், பட்டமளிப்புத் தொப்பிகள்,
ஒருமுறை ஒரு கிரிக்கெட் பனியன்.
ராஜாவை இன்றைக்குத்தான் அளந்தேன்.
மீசை மட்டும் பதினோரு சென்டிமீட்டர்.
நான் வந்த விமானத்தில் யாரும் குனியவில்லை.
முன்சீட்டுப் பையில் வாந்தி உறை இருந்தது,
அதையும் யாரோ மடித்து எடுத்துப்போயிருந்தார்கள்
எனக்கு அடுத்த வரிசையில்.

மூலைகளில் பழுப்பேறிய செலோடேப்.
உரிக்கத் திருப்பினேன்.

பென்சில். தமிழ்.

போர்வை 3½
நிடோ டின் இரண்டு 5
டேப் ரிக்கார்டர் 6
சோப்பு, டார்ச், கோடாலித் தைலம் 2½
என் துணி 4
செல்லக்கனிக்கு மிஷின் தலை 12
ஆக 33.
விடுவது 20.

போர்வை மேல் ஒரு கோடு.
மிஷின் தலை மேல் ஒரு கோடு,
அதை எச்சில் தொட்டு அழித்த தடம்.
டேப் மேல் கோடு.
என் துணி மேல்
காகிதம் கிழிகிற மாதிரி ஒரு கோடு.
பத்தொன்பதரை.
கடைசியில், சின்ன எழுத்தில்:
மீதி அரைக்கு, சட்டை ஒன்று.

பேர் இல்லை, தேதி இல்லை.
எந்த டிராவல்ஸ் கடைச் சுவரிலிருந்து
எந்த அவசரத்தில் உருவினானோ.
நானும் கூட்டிப் பார்த்தேன், இரண்டு தடவை.
கணக்கு சரி.

ஜாசிம் போன் செய்தான்:
பின்பக்கம் நல்ல அட்டையாகப் பார்த்து ஒட்டிவிடு.
சரி என்றேன்.
அட்டையை எடுத்தேன், வைத்தேன்.
இன்னொரு கண்ணாடி அறுத்தேன், அதே அளவில்.
இரண்டே முக்கால் தினார்,
பில்லில் எழுதவில்லை.

முன்பக்கம் காபி குடிப்பவர்களுக்கு.
பின்பக்கம் சுவருக்கு.
அதற்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தூக்கிப் பார்த்தால்
எடைதான் கூடிவிட்டது.
ஆணி பெரிசாக அடிக்கச் சொல்ல வேண்டும்.