கண்ணின் உயரத்தைக் கூட்டவும்

ஆறாம் பாடவேளை.
சாப்பாட்டுப் பெட்டிகளின் பருப்பு வாசம்
இன்னும் மேசைகளை விட்டுப் போகவில்லை.
மின்விசிறி சுற்றுகிறது, காற்றுத்தான் வரவில்லை.
திரிகோணகணிதம் என்று நான் எழுதி முடிக்குமுன்
பின்வரிசையில் மூன்று தலைகள் சாய்ந்துவிட்டன,
மூன்றும் வெவ்வேறு கோணத்தில்.

வெண்கட்டியை வைத்துவிட்டேன்.
புத்தகத்தை மூடுங்கள், பாகைமானியை எடுங்கள்.

சர்பத் குழல் ஒன்று. தையல் நூல் ஒரு முழம்.
நுஹாவின் வாப்பா கடையிலிருந்து
துருவேறிய இரும்பு நட்டுகள் ஒரு பை.
தட்டையான ஓரத்தில் குழலை ஒட்டி
நடுப்புள்ளியில் நூல் கட்டி
நட்டைத் தொங்கவிட்டால் சாய்வுமானி.
கடையில் வாங்கினால் மூவாயிரம் ரூபாய் என்றேன்.
விலை எனக்கும் தெரியாது, சும்மா சொன்னேன்.

திடலில் இறங்கினோம், முப்பத்தெட்டுப் பேர்.
மதிலை ஒட்டி,
கொட்டாஞ்சேனை வானத்தை மாடி மாடியாய்த் தின்றுகொண்டு
கட்டி முடியாத அந்த அடுக்குமாடி.
ஐந்து மீற்றர் நாடா
எட்டு முறை படுத்து எழும்பியது.
ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாத ஸெலஸ்டினாவுக்கு
கவிநயா கையால் மூடிவிட்டாள்.
குழலுக்குள் ஒரு காகம் வந்துபோனது.
ஆடும் நட்டை விரலால் நிறுத்தாதே,
அதுவாக அடங்கட்டும்.

நாற்பத்தைந்து பாகை!

அது என் ஏற்பாடு.
காலையிலேயே வந்து, நின்று, நகர்ந்து,
விடை அழகாய் விழும் இடம் பார்த்து
கோடு கிழித்து வைத்திருந்தேன்.
தான் நாற்பத்தைந்து, ஒன்று.
"தான் எண்டா நான்தானா டீச்சர்?"
சிரித்து ஓயட்டும் என்று விட்டேன்.
தூரம்தான் உயரம், நாற்பது மீற்றர் என்று
எல்லோரும் கத்தியபோது கேட்டேன்:
"தரையில படுத்தா பார்த்தீங்க?"

அமைதி.
அபிலாஷினி மெதுவாகத் தன் இமையைத் தொட்டாள்.
ஒன்று தசம் நாலு. கூட்டுங்கள்.

அது செவ்வாய்.

காய்ச்சலில் வராதிருந்த பியூலா
வியாழன் இடைவேளையில் தனியாக அளந்தாள்.
நாற்பத்தேழு பாகை,
நாற்பத்து நாலு தசம் மூன்று மீற்றர்.
நிமிராமலே சிவப்பில் வட்டம் போட்டேன்.
"நூல் ஆடியிருக்கும், திரும்பப் பார்."
போனாள். வந்தாள். நாற்பத்தேழு.
"கோட்டில்தான் நின்றாயா?"
போனாள். வந்தாள்.
வியர்வையில் நூல் விரலோடு ஒட்டியிருந்தது.
நாற்பத்தேழு.

பிறகுதான் சொன்னாள், கொப்பியைப் பார்த்தபடி:
"நேத்து ராத்திரி சிலாப் போட்டாங்க டீச்சர்.
அப்பா வீட்டுக்கு வரும்போது மூணு மணி."

வெளியே வந்து அண்ணாந்தேன்.
ஈரம் காயாத கொங்கிறீட்டின் கருத்த விளிம்பு,
அதன் கீழே முட்டுக்கொடுத்த இரும்புக் குழாய்க் காடு.
இரண்டு பாகை என்றால் இரண்டு தசம் ஒன்பது மீற்றர்.
ஒரு மாடி.
என் விடைத்தாள் செவ்வாய்க்கிழமையிலேயே நின்றுவிட்டது.

வட்டத்தை என்ன செய்வது?
அதற்குள் ஒரு சரி போட்டேன்.
பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.
கரும்பலகையில் "கண்ணின் உயரத்தைக் கூட்டவும்" என்பதன் கீழே
"அளந்த திகதியை எழுதவும்" என்றும் எழுதினேன்.

அவள் இன்னும் போகவில்லை.
"மேல இருந்து என்னைப் பார்த்தா எத்தனை பாகை டீச்சர்?"
"அதே நாற்பத்தேழு. அது இறக்கக்கோணம்.
ஒன்றுவிட்ட கோணங்கள் சமன்."
"ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரியா?"
"கிட்டத்தட்ட."

குழலை மறுபடி கண்ணில் வைத்தாள்.
உச்சி விளிம்பில் மஞ்சள் தொப்பி ஒன்று
குனிந்து கீழே பார்த்தது, கையைக் கூட ஆட்டியது.
"அப்பாவா?" என்றேன்.
"இல்ல டீச்சர்," என்றாள், குழலை இறக்காமல்,
"அவர் இப்ப வீட்டில தூங்குறார்."