காரணம்: மற்றவை

கால்புகோவில் மழை நின்ற நாளை
யாரும் குறித்து வைப்பதில்லை.
சால்மன் ஆலையின் பண்டக அறையில்
நான் குறித்து வைப்பது பூட்ஸ்களை.

முப்பத்தேழாம் எண், வெள்ளை ரப்பர்,
இடது குதிகாலில் கீறல்:
ஜனவரியில் யாரித்சா.
மார்ச்சில் அவள் தங்கையின் தோழி,
பெயர் எழுதுமுன் போய்விட்டாள்.
மே முதல் மில்லராய் வென்ச்சுமான்.
உள்ளே இருக்கும் ஈரம் யாருடையது என்று
இப்போது சொல்ல முடியாது.

மைக்கோல் முற்பகல் பதினொன்றுக்குப் போனான்.
மீன் வரிசை ஓடிக்கொண்டிருந்தது.
வாசலில் அவன் பூட்ஸ் இரண்டும்
நேராக நின்றன, ஆள் உள்ளேயே இருப்பதுபோல.
மேற்பார்வையாளர் ஒயார்சோ அவற்றை ஒருமுறை திட்டினார்.
பிறகு அவரே தூக்கிவந்து என் மேசைமேல் வைத்தார்.

விலகுகிறவர்களுக்குப் பதினான்கு கேள்விகள் உண்டு.
கடைசிக் கேள்விக்குக் கட்டங்கள்:
சம்பளம், தூரம், படிப்பு, மற்றவை.
அய்லின் சொன்னாள்:
"ரெண்டு வருஷமா என்னை ஏழுன்னுதான் கூப்பிட்டாங்க.
ஏழாவது மேசை. நாளைக்கு வேற ஆள் நின்னாலும் ஏழுதான்."
அதற்குக் கட்டம் இல்லை.
மற்றவை.

சாந்தியாகோவிலிருந்து ஒருவர் வந்தார்.
இளைஞர்கள் ஏன் தங்குவதில்லை என்று
திரையில் அம்புக்குறிகள் காட்டினார்.
அந்த வாரமே உணவறையில் மேசைப்பந்து.
கதவருகே தொடுதிரையில் மூன்று முகங்கள்:
சிரிப்பது, சும்மா இருப்பது, அழுவது.
கையுறையோடு தொட்டால் அது வேலை செய்யாது.

மில்லராய் கேட்டது ஒன்றுதான்,
சிறிய அளவுக் கையுறை.
நடு அளவு அவள் விரல்நுனியில் மடிகிறது.
மடிப்பில் கத்தி தடுமாறுகிறது.
மே மாதம் எழுதி அனுப்பினேன். ஜூனிலும்.
"தேவை குறைவு" என்று பதில்.
ஜூலையில் அவள் பிறந்தநாளுக்குக் கேக் வந்தது,
பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.
தின்றாள். நன்றாக இருக்கிறது என்றாள்.
திங்கட்கிழமை முப்பத்தேழு
என் மேசைக்கு வந்துவிட்டது,
கழுவித் துடைத்து.

அவளுடைய கட்டத்தை நான் நிரப்பவில்லை.
மூன்று பெட்டி சிறிய கையுறைகளை
ஒட்டும் நாடாக் கணக்கில் எழுதி வரவழைத்தேன்.
இருபத்தாறு வயதுக்குள்
நான் செய்த ஒரே மோசடி.

ஆகஸ்டில் புதுப் பெண், அந்தோனெல்லா பார்ரியா.
பூட்ஸ் கொஞ்சம் பெரிது என்றாள்.
தடித்த காலுறை கொடுத்தேன்.
கையுறையை மாட்டி
விரல்களை விரித்தாள், மடக்கினாள்,
மறுபடி விரித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

வியாழன் வந்தாள். வெள்ளியும்.
இது எதையும் நிரூபிக்காது.
படகுத்துறைப் பக்கம் மருந்துக்கடையில்
ஆள் எடுக்கிறார்களாம்,
அவளும் போகலாம்.

தங்குகிறவர்களிடம் கேட்க
இந்த ஆலையில் ஒரு கேள்விகூட இல்லை.
கேட்டால் என்ன சொல்வேன்?
மூன்றாவது பெட்டியை
இன்னும் பிரிக்கவில்லை என்பேன்.